ஸ்டிஃப் பர்சன் சிண்ட்ரோம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இந்த நோயின் பெயரை மருந்துச் சீட்டில் முதன்முதலாகப் பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

1. பேரே புதுசா இருக்கே, இது என்ன நோய்?

உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் நரம்பு மண்டலத்தையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய்களில் இதுவும் ஒன்று. இரண்டு தொல்லைகள் இதில் சேர்ந்து வரும். ஒன்று, முதுகு, வயிறு, தொடைத் தசைகளில் விடாமல் இருக்கும் இறுக்கம். மற்றொன்று, அந்த இறுக்கத்தின் மேல் அவ்வப்போது திடீரென்று வரும் கடும் பிடிப்பு. அறிவு, நினைவு, தொடு உணர்ச்சி எல்லாம் நன்றாகவே இருக்கும்.

1956இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த மோர்ஷ், வோல்ட்மன் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் 14 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதுதான் இதற்கு ஒரு பெயர் கிடைத்தது. அப்போது 'ஸ்டிஃப் மேன்' என்று வைத்தார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரு மடங்கு வருகிறது என்பது பிறகு தெரியவந்து, பெயரும் மாறியது.

2. எத்தனை பேருக்கு வருது? பரம்பரையா? ஒட்டிக்குமா?

பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவர் என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலும் 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் தொடங்கும். குழந்தைகளுக்கு வருவது மிக மிக அபூர்வம். ஒட்டாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோயும் அல்ல. குடும்பத்தில் தைராய்டு, டைப் 1 சர்க்கரை போன்ற ஆட்டோ இம்யூன் நோய்கள் இருப்பது மட்டும் அடிக்கடி காணக்கூடியது.

3. தசைதானே இறுகுது, அப்புறம் ஏன் நரம்பு டாக்டர்கிட்ட அனுப்புறாங்க?

ஏனென்றால் தசையில் எந்தக் கோளாறும் இல்லை. முழங்கையை மடக்கும்போது மடக்கும் தசை சுருங்க வேண்டும், நீட்டும் தசை அதே நேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். 'நீ சும்மா இரு' என்று அந்தத் தசைக்குச் சொல்வது மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் காபா என்ற வேதிப்பொருள். அதைத் தயாரிக்க உதவும் நொதியின் பெயர் ஜிஏடி. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருடைய ரத்தத்தில் ஜிஏடி-65 என்ற அந்த நொதிக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்பு அமைப்பு உருவாக்கும் தாக்குதல் புரதம்) மிக அதிகமாக இருக்கும்.

காபாவின் வேலை குறைந்தால் எதிரெதிர்த் தசைகள் இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்கும். வடம் இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சம பலமாக இருந்தால் வடம் நகராது, ஆனால் இழுப்பவர்களின் தோள் கழன்றுவிடும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். உடல் அசையாமல் இருக்கும், தசையோ ஓய்வே இல்லாமல் உழைத்துக்கொண்டிருக்கும். வலியும் களைப்பும் அதனால்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜிஏடி நொதி நரம்பு செல்லுக்கு உள்ளே இருக்கிறது, ஆன்டிபாடி வெளியே ரத்தத்தில் ஓடுகிறது. அதனால் அந்த ஆன்டிபாடியே நேராகச் சேதம் செய்கிறதா, அல்லது உள்ளே நடக்கும் வேறு ஒரு தாக்குதலின் அடையாளம் மட்டுமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எட்டாம் கேள்விக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. முதுகுவலி யாருக்குத்தான் இல்லை? இதை எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிறது?

முதுகுவலி மட்டும் இருந்தால் இந்த நோயை நினைக்கவே வேண்டியதில்லை. அனுபவமுள்ள மருத்துவர் முதலில் பார்ப்பது இடுப்புக்கு மேலே முதுகு உள்நோக்கி வளைந்திருப்பதை. சாதாரணமாக அந்த வளைவு குனிந்தால் நேராகும், மல்லாந்து படுத்தால் தளரும். இந்த நோயாளி படுத்த பிறகும் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடைவெளி அப்படியே இருக்கும். அடுத்து வயிற்றில் கை வைத்து, 'தளர்த்துங்கள்' என்பார்கள். நோயாளி தளர்த்திவிட்டதாகவே நினைப்பார், வயிறு மட்டும் பலகை போலக் கெட்டியாக இருக்கும். முதுகுத்தண்டின் இரு பக்கத் தசைகளும் அப்படியே.

குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் போவது, திரும்பும்போது இடுப்பும் தோளும் ஒரே கட்டையாகத் திரும்புவது, நடக்கும்போது கால்கள் விறைப்பது ஆகியவை மெல்ல மெல்லச் சேரும். சிலருக்கு ஒரு காலில் மட்டும் தொடங்கி அங்கேயே நிற்கும். அது இதே நோயின் ஒரு வகை.

5. ஹாரன் சத்தம் கேட்டா உறைஞ்சு நின்னுடறாங்க. இது பயமா, வலிப்பா, நோயா?

நோய்தான். எதிர்பாராத சத்தம், தொடுகை, குளிர், கோபம், ஏன், நல்ல செய்தி கேட்ட பரபரப்பு கூடப் பிடிப்பைக் கிளப்பிவிடும். சில நொடிகளில் அடங்குவதும் உண்டு, பல நிமிடங்கள் நீடிப்பதும் உண்டு. வலிப்பிலிருந்து பிரித்தறிய எளிய வழி: பிடிப்பின்போது நினைவு தப்பாது. என்ன நடந்தது என்று பிறகு முழுவதுமாகச் சொல்வார்கள். ஆனால் ஜிஏடி ஆன்டிபாடி உள்ள சிலருக்கு உண்மையான வலிப்பு நோயும் சேர்ந்து வரலாம் என்பதால், நினைவு தப்பினால் மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

பயமும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. பிடிப்பு வரும்போது கையை ஊன்றித் தாங்கிக்கொள்ள முடியாது, நின்ற நிலையிலேயே சாய்ந்து விழுவார்கள். மண்டை உடையும், எலும்பு முறியும். இரண்டு முறை அப்படி விழுந்தவருக்கு நடைபாதையிலிருந்து இறங்கவே கால் வராது. சுவர் ஓரமாகத் தாழ்வாரம் முழுக்க நடந்து வருபவர், பிடிமானம் இல்லாத நடுக்கூடத்தைக் கடக்கச் சொன்னால் நின்றுவிடுவார். பக்கத்தில் ஒருவர் விரலை நீட்டினால் போதும், அதை லேசாகத் தொட்டுக்கொண்டே கடந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு இது நடிப்பு போலத் தெரியும். இந்த நோயில் மனிதர்கள் அதிகம் அவமானப்படும் இடம் இதுதான்.

6. அப்ப மூணு வருஷமா மனசுக்குத்தான் மாத்திரை கொடுத்தாங்க. ஏன் யாரும் கண்டுபிடிக்கலை?

மேலே சொன்னதுதான் காரணம். பரிசோதனை அறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது ஓரளவு சரியாக இருப்பார். வழக்கமான ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். பதற்றத்தில் அதிகமாகிறது, பதற்றத்தைத் தணிக்கும் டயஸெபம் மாத்திரை கொடுத்தால் குறைகிறது. பதற்ற நோய் என்று எழுதுவது எளிது. பார்க்கின்சன், தண்டுவடப் பிரச்சினை, முதுகெலும்பு வாதம், ஃபைப்ரோமயால்ஜியா என்று சுற்றிவிட்டு வருபவர்களும் உண்டு. பெரும்பாலான மருத்துவர்கள் வாழ்நாளில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

7. எம்.ஆர்.ஐ. நார்மல்னு வந்திருக்கு. அப்ப ஒண்ணும் இல்லைதானே?

இந்த நோயில் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அதை எடுப்பதே வேறு நோய்களை ஒதுக்குவதற்காக. கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துவது, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் போன்றவை இறுக்கத்தை உண்டாக்கும். அவை இல்லை என்று தெரிய வேண்டும்.

உதவுவது ஈ.எம்.ஜி. என்ற பரிசோதனை. மெல்லிய ஊசியைத் தசையில் வைத்து அதன் மின் செயல்பாட்டைப் பதிவு செய்வார்கள், ஒலிபெருக்கியில் சத்தமாகவும் கேட்பார்கள். ஓய்வில் இருக்கும் தசையில் ஒலிபெருக்கி அமைதியாகிவிடும். இந்த நோயாளியிடம் எவ்வளவு தளர்த்தச் சொன்னாலும் படபடவென்ற சத்தம் நிற்காது. எதிரெதிர்த் தசைகள் இரண்டிலும் ஒரே நேரத்தில் அது கேட்டால் சந்தேகம் வலுக்கும். தூக்கத்திலும், நரம்பு வழியாக டயஸெபம் செலுத்தினாலும் அது அடங்கும். முதுகு, வயிற்றுத் தசைகளில் ஊசி வைத்துப் பார்ப்பது முக்கியம். கை கால் மட்டும் பார்த்து 'நார்மல்' என்று வந்த அறிக்கையை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஏற்கெனவே டயஸெபம் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு முடிவு மழுங்கலாம், முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஏன் என்பது 13இல்.

8. ஜிஏடி டெஸ்ட் பாசிட்டிவ். அப்ப உறுதிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஜிஏடி ஆன்டிபாடி டைப் 1 சர்க்கரை நோயாளிகளில் மிகப் பலருக்கு இருக்கும். எந்த நோயும் இல்லாத சிலருக்கும் குறைந்த அளவில் இருக்கும். ஆகவே 'பாசிட்டிவ்' என்ற சொல் போதாது, எண் வேண்டும். பல ஆய்வகங்களில் 5 என்ற அளவைத் தாண்டினாலே பாசிட்டிவ் என்று அச்சாகிவிடும். ஸ்டிஃப் பர்சன் நோயில் எலிசா என்ற ஆய்வக முறையில் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது ஒரு மில்லிலிட்டருக்கு 10,000 அலகுக்கு மேல். 20, 80, 300 என்று வந்த அறிக்கை சர்க்கரையைச் சுட்டுகிறதா, ஒன்றையுமே சுட்டவில்லையா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். சில ஆய்வகங்கள் ஒரு எல்லைக்கு மேல் அளக்காமல் '250க்கு மேல்' என்று நிறுத்திவிடும். அது 260ஆகவும் இருக்கலாம், 50,000ஆகவும் இருக்கலாம். ரத்தத்தை நீர்த்து மறுபடி அளக்கச் சொல்லிக் கேட்கலாம். முறைக்கு முறை அலகு மாறும் என்பதால் இரண்டு ஆய்வகங்களின் எண்களை அப்படியே ஒப்பிடவும் கூடாது.

எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான்காம், ஐந்தாம் பதில்களில் சொன்ன உடல் அறிகுறிகள் இல்லாமல் இந்த நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. இந்தச் சந்தேகத்தோடு சிறப்பு மையங்களுக்கு அனுப்பப்படுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேறு ஏதோ ஒன்றுதான் இருந்தது என்று அந்த மையங்களே எழுதியிருக்கின்றன. முன்பெல்லாம் நோயைத் தவறவிட்டார்கள். இப்போது குறைந்த எண்ணைப் பார்த்து இல்லாத நோய்க்கு மருந்து ஏற்றுவதும் நடக்கிறது. இரண்டாவதும் சின்னத் தவறு அல்ல.

9. எனக்கு நெகட்டிவ்னு வந்துச்சு, ஆனா எல்லா அறிகுறியும் இருக்கு. என்ன பண்றது?

ஜிஏடி இல்லாமலும் இந்த நோய் வரும். கிளைசின் ரிசப்டர், ஆம்ஃபிஃபைசின் என்ற நரம்புப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளையும் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் தண்டுவட நீரிலும். கிளைசின் ரிசப்டர் வகை வேகமாக வரும். கண் அசைவு, விழுங்குதல், மூச்சு வரை பாதிக்கும். ஆனால் எதிர்ப்பு அமைப்பை அடக்கும் சிகிச்சைக்கு நன்றாகவே கேட்கும்.

எந்த ஆன்டிபாடியும் கிடைக்காதவர்களும் உண்டு. அவர்களிடம் ஈ.எம்.ஜி.யும் நேரடிப் பரிசோதனையும் இன்னும் கறாராக இருக்க வேண்டும். இரண்டாவது நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேட்பது அங்கே ஆடம்பரம் இல்லை.

10. நெஞ்சு ஸ்கேன், மார்பக ஸ்கேன் எல்லாம் எதுக்கு? கேன்சர்னு மறைக்கிறாங்களா?

மறைக்கவில்லை. சிறு விழுக்காட்டினருக்கு இந்த நோய், உடலில் எங்கோ இருக்கும் புற்றுநோய்க்கு எதிரான எதிர்ப்புச் சக்தி திசை மாறியதால் வருகிறது. ஆம்ஃபிஃபைசின் வகையில் மார்பகப் புற்றுநோய் முக்கியமானது. நுரையீரல், தைமஸ் (நெஞ்சில் உள்ள ஒரு சுரப்பி) கட்டிகளும் பதிவாகியிருக்கின்றன. கட்டியை அகற்றினால் இறுக்கமும் குறைய வாய்ப்பு உண்டு என்பதால் தேடுவது நன்மைக்கே. கழுத்திலும் கையிலும் இறுக்கம் அதிகமாக இருந்தால் கூடுதல் கவனத்தோடு தேடுவார்கள்.

11. சுகர், தைராய்டு டெஸ்டும் எழுதியிருக்காங்களே?

கூட்டாளி நோய்களுக்காக. டைப் 1 சர்க்கரை, தைராய்டு, வெண்புள்ளி, பி12 குறைபாட்டு ரத்தசோகை ஆகியவை இவர்களிடம் அதிகம். எல்லாமே சிகிச்சை உள்ளவை.

12. டயஸெபம் தூக்க மாத்திரை ஆச்சே? அடிமையாயிடுவாரே?

இந்த நோயில் அது தூக்கத்துக்காகக் கொடுக்கப்படுவதில்லை. குறைந்துபோன காபாவின் செயலை அது வலுப்படுத்துகிறது. 1963 முதலே இந்த நோய்க்குப் பயன்படும் மருந்து. மற்றவர்கள் அசந்து தூங்கிவிடும் அளவைச் சாப்பிட்டுவிட்டு இவர்களில் சிலர் சாதாரணமாக நடமாடுவார்கள். குளோனஸெபம், பேக்லோஃபென், டிஸானிடின், கபாபென்டின் ஆகியவையும் தனியாகவோ சேர்த்தோ கொடுக்கப்படும்.

உடல் அந்த மாத்திரைக்குப் பழகும் என்பது உண்மைதான். மயக்கம், மறதி, தடுமாற்றமும் வரலாம், வயதானவர்களுக்கு அதிகமாக. மதுவோடும், மார்ஃபின் வகை வலி மருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும். ஆகவே பயந்து மறுக்கவும் வேண்டாம், இஷ்டத்துக்குக் கூட்டவும் வேண்டாம். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இறுக்கத்தைக் கூட்டியதாகப் பதிவுகள் உண்டு. அதனால் வேறு மருத்துவர் புதிதாக எதை எழுதினாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

13. மாத்திரை தீர்ந்துபோச்சு, ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கலாமா?

கூடாது. டயஸெபமோ பேக்லோஃபெனோ திடீரென்று நின்றால் கடும் பிடிப்பு, வலிப்பு, காய்ச்சல், குழப்பம் வரை போகும், உயிருக்கே ஆபத்து. குறைப்பதானால் வாரக் கணக்கில், மருத்துவர் சொல்லும் படிகளில்தான். பேக்லோஃபெனைத் தண்டுவடத்துக்குச் செலுத்தும் பம்பை வயிற்றில் பொருத்தியவர்கள் மருந்தை மறுபடி நிரப்பும் தேதியைத் தவறவிடவே கூடாது.

14. ஐ.வி.ஐ.ஜி. ஏத்தணும்னு சொல்றாங்க. அது என்ன, பலிக்குமா?

பன்னிரண்டில் சொன்ன மாத்திரைகள் இறுக்கத்தைத் தளர்த்துபவை. நோயின் வேரான எதிர்ப்பு அமைப்பை அவை தொடாது. அந்த வேலைக்கு முதலில் வருவது ஐ.வி.ஐ.ஜி. ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் அது. வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம், இரண்டு முதல் ஐந்து நாட்களில் பிரித்து ஏற்றி, மாதம் ஒரு முறை தொடர்வார்கள். 2001இல் வெளியான சோதனையில் 16 நோயாளிகளுக்குச் சில மாதங்கள் உண்மை மருந்தும், சில மாதங்கள் போலி மருந்தும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தார்கள். உண்மை மருந்தின் காலத்தில் இறுக்கம் குறைந்தது, துணையின்றி நடந்தவர்கள் கூடினார்கள், விழுவது குறைந்தது.

முதல் தடவையே அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். சுமார் மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வதே நியாயம். தலைவலி சாதாரணம். ரத்த உறைவு, சிறுநீரகப் பாதிப்பு அபூர்வம், ஆனால் கவனிக்க வேண்டியவை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆன்டிபாடி பரிசோதனைக்கான ரத்தத்தை ஐ.வி.ஐ.ஜி.க்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கொடையாளர்களிடமிருந்து வரும் ஜிஏடி ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் கலந்து, குறைந்த அளவில் போலி பாசிட்டிவ் காட்டும். அப்புறம் எட்டாம் கேள்வியின் குழப்பம் மறுபடி தொடங்கும்.

15. அதுவும் கேட்கலைன்னா?

முதலில் கேட்க வேண்டியது, நோய் இதுதானா என்பது. அது உறுதியானால் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) மாற்றும் சிகிச்சை, எதிர்ப்பு அமைப்பை அடக்கும் ரிடுக்ஸிமாப், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகள் உண்டு. ரிடுக்ஸிமாப் சிலருக்குக் கண்கூடாக உதவுகிறது. ஆனால் 2017இல் வெளியான, 24 பேர் பங்கேற்ற சோதனையில் போலி மருந்தைவிடத் தெளிவான மேன்மையை அது காட்டவில்லை. போலி மருந்து பெற்றவர்களும் கணிசமாகத் தேறியதே அதற்கு ஒரு காரணம். ஸ்டெம் செல் மாற்று சிலருக்குப் பலித்தது, சிலருக்கு இல்லை, ஆபத்தும் அதிகம். நோயாளியின் எதிர்ப்பு செல்களையே மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி செல் சிகிச்சை இப்போது இந்த நோயில் சோதிக்கப்படுகிறது. கேட்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் முறையான ஆய்வுக்கு வெளியே யாராவது 'நிரந்தரக் குணம்' என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

16. நடை நல்லா ஆயிடுச்சு, ஆனா ஜிஏடி நம்பர் குறையவே இல்லை. மருந்து வேலை செய்யலையா?

வேலை செய்கிறது, நடையே சாட்சி. அந்த எண்ணுக்கும் நோயின் கடுமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை (மூன்றாம் பதிலின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்). மாதா மாதம் அதை அளப்பதால் பயனில்லை. எத்தனை முறை விழுந்தார், தனியாகக் கடந்த தூரம் எவ்வளவு, எத்தனை பிடிப்பு வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அதுவே மேல்.

17. மசாஜ், பிசியோதெரபி பண்ணலாமா?

பிசியோதெரபி அவசியம், ஆனால் நோயைத் தெரிந்தவரிடம். மெதுவான நீட்டல், மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி, வெதுவெதுப்பான நீரில் துணையோடு செய்யும் பயிற்சி எல்லாம் உதவும். இறுகிய தசையை வலுக்கட்டாயமாக இழுத்தாலோ திடீரென்று அழுத்தினாலோ பிடிப்புதான் வரும். தொடுவதற்கு முன் 'இப்போது காலைப் பிடிக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இது பொருந்தும், பின்னாலிருந்து கூப்பிடுவது உட்பட.

18. வேற ஆபரேஷன் வந்தா மயக்க மருந்து கொடுக்கலாமா?

கொடுக்கலாம், முன்கூட்டியே சொல்லியிருந்தால். இவர்கள் சாப்பிடும் மாத்திரைகளும் மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் சேர்ந்தால், அறுவைக்குப் பின் தசை பலவீனம் நீடித்து மூச்சுக்குக் கூடுதல் நேரம் உதவி தேவைப்படலாம். மாத்திரைப் பட்டியலை மயக்கவியல் மருத்துவர் கையிலேயே கொடுங்கள். அறுவை நாளன்று எதை நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும், 13இல் சொன்ன காரணத்துக்காக.

19. செலின் டியோன் மறுபடி பாடினாங்களே, அப்ப குணமாயிடுமா?

தனக்கு இந்த நோய் என்று அவர் 2022 டிசம்பரில் அறிவித்தார், 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடினார். நோயோடு அவ்வளவு தூரம் வர முடியும் என்பதற்கு அது உதாரணம், நோய் போய்விட்டது என்பதற்கு அல்ல. இதை முழுதாக ஒழிக்கும் மருந்து இன்று இல்லை.

நல்ல சிகிச்சையில் பலர் தனியாக நடந்து, வேலைக்கும் போகிறார்கள். சிலருக்கு எல்லாம் செய்தும் கைத்தடியோ சக்கர நாற்காலியோ தேவைப்படுகிறது. சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பொதுவாகப் பலன் கூடுதல். எந்தப் பிரிவில் இவர் விழுவார் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது.

20. எப்ப காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பிடிப்பு விடாமல் தொடர்ந்தால், மார்பு இறுகி மூச்சு வாங்கினால், விழுங்க முடியாமல் போனால், காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்தால், தலையில் அடிபட்டால், பம்ப் எச்சரிக்கை ஒலி எழுப்பினால். அவசரப் பிரிவில் இருப்பவர் இந்த நோயின் பெயரைக் கேட்டிராமல் இருக்கலாம். நோயின் பெயர், மருந்துகளும் அளவுகளும், 'டயஸெபம், பேக்லோஃபென் நிறுத்தக் கூடாது' என்ற வரி, நரம்பியல் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பர்ஸில் ஒன்றும் வீட்டுக் கதவின் உட்புறம் ஒன்றும் வையுங்கள்.